திருச்செங்கோட்டிலிருந்து வந்த அழைப்பு

கார் பந்தய விவரங்களை ஏஐ உதவியாளர்களுக்கு எடுத்துத் தரும் ஒரு மென்பொருளுக்கு நான் விளக்கக் குறிப்பு எழுதுகிறேன். எந்தக் கேள்விக்கு எந்தத் தகவலை எடுக்க வேண்டும் என்று ஏஐக்குச் சொல்லிக்கொடுக்கும் குறிப்பு அது. சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டிலிருந்தே வேலை. இயந்திரம் படிப்பதற்கா இத்தனை பாடு என்று அலுத்துக்கொள்வேன்.

எங்கள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளையும் நான்தான் எடுப்பேன். ஒருநாள் அதில் திருச்செங்கோட்டுப் பெண்மணி ஒருவர் அழைத்தார்.

"எனக்குக் கண்ணு போயிருச்சுங்க. ஆனா ரேஸுன்னா உசுருங்க. டிவில இங்கிலீசுல பேசறது வெளங்காதுங்க, அது ஓடறப்ப ஏஐகிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கறனுங்க. யாரு முன்னால போறான்னு சொல்லுது. பின்னால வாரவன் எவ்வளவு நெருங்கிட்டான்னு சொல்ல மாட்டேங்குதுங்க. ரேஸே அதுலதானுங்களே இருக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. கார்களுக்கு இடையிலான இடைவெளி மென்பொருளில் இருந்தது. அதை எடுத்துச் சொல்லும்படி என் குறிப்பில்தான் இல்லை. 'ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி குறைகிறதா, கூடுகிறதா என்று சொல்' என்று அன்றே சேர்த்தேன்.

அடுத்த பந்தயத்தின் நடுவே அவரே அழைத்தார். "இடைவெளி குறைகிறது" என்று ஏஐயின் குரல் பக்கத்தில் கேட்டது.

"புடிச்சிருவான் சாமி, புடிச்சிருவான்!" என்று அவர் கூவினார். ஒரு பந்தயம்கூட முழுதாகப் பார்த்திராத நான் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றிருந்தேன்.

அன்று யார் ஜெயித்தார் என்பது நினைவில்லை. இயந்திரத்துக்கென்று எழுதும் வரியும் கடைசியில் ஒரு மனிதரின் காதுக்குத்தான் போகிறது என்பதை மட்டும் நான் மறக்கவில்லை.