பொலே அக்கா

அலோர் காஜா பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் உஷாராணிக்கு 'பொலே அக்கா' என்று பெயர். கூட்டத்தில் எதைக் கேட்டாலும் "பொலே" என்பாள், மலாயில் முடியும் என்று. அதோடு சரி. டுரியான் துங்கால் தோட்டத்தில் பிறந்து, வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள். பிஸ்கட்டைப் பெட்டியில் கட்டும் பேக்கிங் பிரிவைத் தற்காலிகத் தலைவியாக நடத்தி ஒரு வருடம் ஆகப்போகிறது.

கூட்டத்துக்கு முன்பே மேசை மேசையாகப் போய், யாருக்குக் கைவலி, யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த இயந்திரம் முரண்டு பிடிக்கிறது என்று விசாரித்துவிடுவாள். அதைச் சபையில் எடுத்துச் சொல்லத்தான் நாக்கு எழும்பாது. ஒழுங்காக நடக்கிற வேலை தானே பேசாதா என்று நினைத்திருந்தாள்.

"டைரக்டருக்கு நீ யாருன்னே தெரியல லா," என்றார் மேனேஜர் கமலவேணி. "உன்னை நிரந்தரமாக்கச் சொன்னா முழிக்கிறாரு. இன்னைக்கு மீட்டிங்ல நாலு வார்த்தை பேசு உஷா. இல்லன்னா ரெண்டு பிரிவையும் வசந்தன்கிட்ட குடுத்திடுவாங்க."

வசந்தன் அடுப்புப் பிரிவின் தலைவன். வாய்க்காரன், ஆனால் மோசமானவன் இல்லை.

கூட்டத்தில் டைரக்டர் சிங்கப்பூர் ஆர்டரைப் பற்றிச் சொன்னார். நோன்புப் பெருநாள் வாரத்தில் முழு ஆட்களையும் வைத்துக் கட்டி அனுப்ப வேண்டும். எவ்வளவு கேட்டாலும் சுட்டுத் தள்ளுவதாக வசந்தன் அளந்தான். பிறகு, "அக்கா என்ன சொல்வாங்கன்னு எல்லாருக்கும் தெரியும் லா," என்றான். அறை சிரித்தது.

'பொலே' என்பது உஷாராணியின் நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் அவள் பிரிவில் பாதிப் பேர் பெருநாளுக்குச் சொந்த ஊரான கிளந்தானுக்குப் பஸ் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். லீவு கொடுத்தவளே அவள்தான். ஆர்டர் வருவது காதில் விழுந்ததும், காலையிலேயே மற்றவர்களிடம் வர முடியுமா என்று கேட்டும் வைத்திருந்தாள்.

"தாக் பொலே," என்றாள். முடியாது.

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார். எதற்கும் தலையாட்டுகிறவராமே, இன்று ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்டார்.

அவள் சொன்ன பதில் கோவையாக வரவில்லை. இதுவரை சொன்னதெல்லாம் ஆட்களைக் கேட்டுவிட்டுச் சொன்னது, இதுவும் அப்படித்தான் என்றாள். ஊருக்குப் போகிறவர்கள் போகட்டும். நோன்புப் பெருநாள் இல்லாத, தீபாவளி கொண்டாடுகிறவர்கள் அந்த வாரம் வரச் சம்மதித்திருக்கிறார்கள். நாளையிலிருந்தே கட்டத் தொடங்கினால் ஆர்டர் நேரத்துக்குப் போய்விடும். தட்டுத் தடுமாறியும் முடித்துவிட்டாள்.

"நாளைக்கே சுட்டுத் தர முடியுமா தம்பி?" என்று வசந்தனைக் கேட்டாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "பொலே."

இந்த முறை அவளும் சிரித்தாள்.

கூட்டம் முடிந்ததும் கமலவேணி வெளியே பிடித்துக்கொண்டார். "டைரக்டர் முடிவு இன்னும் சொல்லல. திங்கட்கிழமை உன் திட்டத்தை விளக்கமா கேக்கணுமாம். ஸ்லைடு எல்லாம் போட்டு."

"மேடம், அந்த ரூம் வேண்டாம். அவரு கீழ பேக்கிங் பிரிவுக்கு வரட்டும். மேசை மேசையா நடந்துக்கிட்டே சொல்றேன். அங்கன்னா எனக்குப் பேச்சு வரும்."

"டைரக்டரையே கீழ கூப்புடுறியா?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

கமலவேணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். பேசும்போதே போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "வர்றாராம். தலையில முடி வலை மாட்டணுமான்னு கேக்குறாரு."

"ஆமா மேடம்," என்றாள் உஷாராணி. "யாரா இருந்தாலும் மாட்டணும்."