மைக்கில் வாசித்த ஐந்து பெயர்கள்

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும் சொல்ல மாட்டேன். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம், அவ்வளவுதான். ஏன் என்று படித்தால் தெரியும்.

1. மைக்

தலசீமியா கேரியர் ஸ்கிரீனிங் வேலையில் சேர்ந்து எனக்கு மூன்றாவது மாதம். தலசீமியா பரம்பரையாக வரும் ரத்த நோய். கேரியர் என்றால் அதை ரத்தத்தில் சுமப்பவர், நோயாளி இல்லை. ஆனால் கேரியரைக் கேரியர் கட்டினால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைக்கு மாதம் தவறாமல் ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால்தான் கல்யாணத்துக்கு முன்பே டெஸ்ட் எடுக்கிறோம்.

அந்தக் குப்பத்தில் ஐந்து பேர் கேரியர் என்று ரிப்போர்ட் வந்தது. அவர்களைக் கவுன்சலிங்குக்கு அழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ரேஷன் நோட்டீஸ், பேங்க் லெட்டர் என்று தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் சத்தமாக வாசித்துக் காட்டியே வளர்ந்தவன். குப்பத்தில் எதற்கும் கோயில் மைக்கில்தான் கூப்பிடுவார்கள். நானும் மைக்கைப் பிடித்து ஐந்து பெயரையும் வாசித்தேன். மூன்றாவது பெயர் கல்பனா. அடுத்த மாதம் அவளுக்கும் அத்தை மகன் தினேஷுக்கும் கல்யாணம்.

அரை மணி நேரத்தில் அந்த அத்தை வந்துவிட்டார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள்.

"அஞ்சு பேர மட்டும் கூப்ட்டியே, இன்னா வியாதி அது?"

வியாதி இல்லை என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"ரத்தம் கெட்டவள எம் புள்ள தலயில கட்டப் பாத்தானே எங்கண்ணன். நல்ல வேள, நீ ஊருக்கே சொன்ன. நல்லா இருப்ப நைனா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாழ்த்திவிட்டுப் போனார்.

2. ஊதா மூடி டியூப்

கல்பனா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் அப்பா வெளியே வந்தார். "போய்டு தம்பி. இன்னும் யாருக்குப் படிச்சிக் காட்டணும்?" என்றார். உள்ளே சத்தமே இல்லை. அவள் என்ன செய்கிறாளோ என்று பயமாக இருந்தது. மற்ற நாலு பேரும் கவுன்சலிங் பக்கம் வரவே இல்லை.

எங்கள் கவுன்சலர் மேடம் முழுவதையும் கேட்டார். "அந்தப் பையன் ரத்தம் குடுத்தானா?" என்றார். டெஸ்ட் எடுத்த அன்று அவன் கடலுக்குப் போயிருந்ததால் கொடுக்கவில்லை.

மறுநாள் தினேஷ் தானாகவே வந்து சட்டைக் கையைச் சுருட்டினான். "எடு. ரிசல்ட் வர்ற வரிக்கும் கம்முனு இரு," என்றான். ஊதா மூடி போட்ட டியூபில் ரத்தத்தை எடுத்து, அவன் பெயரை எழுதி ஒட்டினேன்.

ரிசல்ட் வரப் பத்து நாள் ஆனது. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னாடா, திரும்ப பரீட்ச எழுதினியா?" என்று வீட்டில் அப்பா கேட்டார்.

3. கவர்

தினேஷும் கேரியர்.

மூடிய கவரை அவன் கையில் மட்டும் கொடுத்தேன். மேடம் விளக்கிச் சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னான்:

"அந்த மைக்குல எம் பேரயும் சேத்துப் படிச்சிடு. எங்கம்மா கேக்கட்டும்."

"மாட்டேண்ணா. உங்க பேர நான் படிக்கக் கூடாது."

கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். தானும் கேரியர் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னான். பிறகு கல்பனா வீட்டு வாசலில் நின்று, சாத்திய கதவைப் பார்த்து அதையே சொன்னானாம். கதவு திறந்தது.

இருவரும் சேர்ந்தே கவுன்சலிங்குக்கு வந்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். செய்துகொண்டால், கரு உண்டான மூன்றாம் மாதம் அதற்கு நோய் உண்டா என்று டெஸ்ட் எடுக்கலாம் என்றார் மேடம். நான்கு மாதம் யோசித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இப்போது ரத்தம் கொடுத்த எல்லோரையும் மைக்கில் கூப்பிடுகிறோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கவர். எல்லோரிடமும் தனித்தனியாக, ஒரே அளவு நேரம் பேசுகிறோம். நான் கற்றது இதுதான். அதற்கான விலையைக் கல்பனா கொடுத்தாள்.

போன வாரம் கல்பனாவுக்குக் கருவின் டெஸ்ட் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்த அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரிசல்ட் வந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லுவியா?"

"கல்பனாவாண்டதான் சொல்லுவாங்க அத்தை."

அவர் தலையாட்டினார். முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கவர் இன்னும் வரவில்லை. வந்தால் நான் பிரிக்க மாட்டேன்.