வாசிக்காமல் போட்ட கையெழுத்து

கிள்ளான் கோர்ட்டுக்கு எதிரே, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், முதல் தூணோரம் என் மேசை இருந்தது. நான் லைசென்சு பெற்ற பெட்டிஷன் ரைட்டர். தோட்டத்து ஆட்கள் வாயால் சொல்வதை ஆங்கிலத்தில் மனுவாக எழுதிக் கொடுப்பது என் தொழில். எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டாமல் ஒருவனிடமும் கைநாட்டு வாங்கியதில்லை. "முழுசா கேளு, அப்புறம் கைய வை" என்பேன். பதினோரு வருஷம் தினமும் சொன்ன வார்த்தை. அப்படிப்பட்ட நான்தான், மடையன், என் சொந்தக் காகிதத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கங்காணி அடித்தான் என்று ஒரு தோட்டத்து ஆள் அழுதுகொண்டு வந்து சொன்னான். சொன்னபடி எழுதினேன். தோட்டத்தில் அவனை என்ன செய்தார்களோ, மறு மாதமே, "நான் அப்படிச் சொல்லவே இல்ல, ரைட்டர்தான் இட்டுக்கட்டினாரு" என்று மாறிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் அங்கேயேதான் பிழைக்க வேண்டும். ஆனால் லைசென்சு கொடுக்கும் வாரியத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. பதினான்கு நாளில் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். இல்லாவிட்டால் லைசென்சு போய்விடும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரைட்டர் தன் மனுவைத் தானே எழுதமாட்டான், ராசியில்லை என்பார்கள். கூட்டாளி எழுதித் தருவான். அதை அவன் முன்னால் வாசித்துப் பார்ப்பது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான். எனக்கும் ஒரு கூட்டாளி இருந்தான். நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள் நாங்கள். என் மகளுக்குப் பெயர் வைத்தபோது அவளை மடியில் வைத்திருந்தவன் அவன். அவன் மேசை பின்சந்தில், சாக்கடை ஓரம். அங்கே ஆள் வருவது குறைவு. "ஒனக்கென்ன லா, ராஜா எடம்" என்று இந்த ஊர் 'லா' போட்டு அடிக்கடி சொல்வான். கேலி செய்கிறான் என்று சிரிப்பேன்.

என் விளக்கத்தை அவன் எழுதிக்கொண்டு வந்து நீட்டியபோது, "எல்லாத்தையும் மறுத்து எழுதிட்டியாடா?" என்று கேட்டேன்.

"நீ வேற! கண்ண மூடிக்கிட்டுப் போடுடா" என்றான். போட்டேன்.

வாரியம் என்னைக் கூப்பிடவே இல்லை. லைசென்சு ரத்து என்று ஒரே ஒரு வரி வந்தது. விசாரிக்காமல் எப்படி ரத்து செய்யலாம் என்று கொதித்துப் போய், கோலாலம்பூரில் ஒரு வக்கீலைப் பிடித்துப் பெரிய கோர்ட்டில் மனுப் போட்டேன். அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். "நீ நல்லவனா கெட்டவனான்னு ஜட்ஜ் பாக்கமாட்டாருப்பா. வாரியம் ஒன் பக்கத்தக் கேட்டுச்சா, இல்லையா? அது மட்டுந்தான்." எனக்கு அது போதும். கேட்கவில்லையே! விளக்கத்தின் நகல் இருக்கிறதா என்றார். கூட்டாளியிடம் கேட்டேன். "நகல் எடுக்கல லா" என்றான்.

விசாரணைக்கு முதல் நாள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மச்சினன் வீட்டில் தங்கினேன். கூட வருகிறேன் என்றிருந்த கூட்டாளி, காய்ச்சல் என்று வரவில்லை.

கோர்ட்டில் வாரியத்தின் வக்கீல் என் விளக்கத்தை எடுத்து நீட்டினார். ஜட்ஜ் வாசித்துவிட்டு என்னிடம் காட்டச் சொன்னார். கூட்டாளியின் அழகான சாய்வெழுத்து. அந்த ஆள் சொல்லாததை நானே சேர்த்தேன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், நேரில் விசாரணை வேண்டாம் என்று இருந்தது. அடியில் என் கையெழுத்து. அடப்பாவி!

"வாசிக்காமல் போட்டுவிட்டேன்" என்றேன்.

"நீ பெட்டிஷன் ரைட்டர்தானே?" என்று ஜட்ஜ் கேட்டார்.

வாரியம் உன் பக்கத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்திருக்கிறது, தலையிட இடமில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை மேசையை எடுத்துவரக் கிள்ளான் அஞ்சடிக்குப் போனேன். என் மேசை பின்சந்தில் சாக்கடை ஓரம் கிடந்தது. முதல் தூணோரம் அவன் உட்கார்ந்திருந்தான், காய்ச்சலைக் காணோம். எதிரே ஒரு தோட்டத்துப் பெண் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு நின்றாள். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அவசரப்படாதம்மா" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "முழுசா கேளு, அப்புறம் கைய வை."