ஓடத்தில் நானும் சிரித்தேன்

எழுபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. நெம்மேலிப் பக்கம் கடலோரக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வெளியூர் போக வேண்டுமானால் கால்வாயை ஓடத்தில் தாண்டி, திருப்போரூர் போய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும்.

நான் பருமன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என்னைக் கண்டதும் ஓடக்காரர், ஏறி உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு பேரை இறக்கிவிடுவார். "அண்ணி வருதுப்பா, ரெண்டு பேரு எறங்கி அடுத்த நடைக்கு வாங்க!" இறங்குகிறவர்கள் முணுமுணுப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் மறுமுனையில் யாரோ மாதிரி உட்கார்ந்துகொள்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். முறைத்தால் இன்னும் நாலு வார்த்தை வருமே!

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. அந்த முறை மாதவிலக்கு தள்ளிப்போனதும், ஆசை ஆசையாகச் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் போனோம். எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார்கள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துக் கம்பவுண்டர் சிரித்தார். டாக்டர் என்னைத் தொடக்கூட இல்லை. "கொழுப்பு ஏறினா தள்ளித்தான் போகும். வாயைக் கட்டுங்க, குழந்தை தானா வரும்" என்று அனுப்பிவிட்டார்.

கட்டினேன். காலையில் நீராகாரம், ராத்திரி ஒரு வாய்க் கஞ்சி. வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவேன். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது, வயிறு மட்டும் வற்றவில்லை. "திருட்டுத்தனமா துன்றியா இன்னா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். திரும்பவும் டாக்டரிடம் போயிருக்கலாம். அந்த மெஷினை நினைத்தே போகவில்லை. உள்ளே ஏதோ புரளும். பசியில் குடல் புரட்டுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலை, இடுப்பு வலி பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நான் கால் வைத்ததும் ஓடம் ஒரு பக்கம் சாய்ந்தது. "மெதுவா அண்ணி, இது ஓடம், கப்பல் இல்ல!" என்றார் ஓடக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கத்த வேண்டியவள், பழக்க தோஷத்தில் சிரித்தேன்.

நடுக் கால்வாயில்தான், ஓடத்தின் அடியில் தேங்கியிருந்த தண்ணீர் சிவந்திருப்பதை யாரோ பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. "ஐயையோ, இன்னா அண்ணி இது? முன்னாலயே சொல்லக் கூடாதா?" என்று பதறினார் ஓடக்காரர்.

கரையேறியதும் மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள். திருப்போரூரில் ஒரு நர்ஸம்மா என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அங்கே கை வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் முகம் மாறியது.

ஆண் பிள்ளை. உயிரில்லை. பழைய புடவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கையில் கனமே தெரியவில்லை.

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

பிறகு ஒரு மகள் பிறந்தாள். அவளும் என்னைப் போலவே பருமன். யாராவது கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதே, வலித்தால் வாய்விட்டுக் கத்து என்று சொல்லித்தான் அவளை வளர்த்தேன். அன்று ஓடத்தில் நான் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.