முன் கழுத்தா, பின் கழுத்தா

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். முதல் நாற்காலியில் சோமனூர் விசைத்தறிக்காரர் நாச்சிமுத்து, முகம் முழுக்க நுரையோடு. இரண்டாவது நாற்காலியில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பெஞ்சில் ஒரே பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டு இரண்டு பேர். இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் என் மனைவியின் தம்பி ரங்கசாமி. முதல் நாற்காலிக்குப் பின்னால் நான்.

முடி வெட்டுகிற தொழிலில் கழுத்து வலி என்பது தையல்காரர் விரலில் ஊசி குத்துகிற மாதிரி. யாரும் விசாரிக்க மாட்டார்கள், நாமும் சொல்ல மாட்டோம். நாளெல்லாம் குனிந்தே வேலை பார்த்துவிட்டு, ஒரு கையால் பிடரியை அமுக்கிக்கொண்டு இதைப் படிக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கத்தி விழுந்தது

நாச்சிமுத்துவின் காதுக்குக் கீழே வழித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையில் கத்தி இல்லை. நழுவியதுகூடத் தெரியவில்லை. அவர் மடியில் விரித்த துணியில் கிடந்தது. நல்ல வேளை, யாருக்கும் கீறல் இல்லை. பேப்பர் படித்தவர்கள் நிமிர்ந்தார்கள். ரங்கசாமி கத்தரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

கொஞ்ச நாளாகவே வலது கை விரல்கள் மரத்துப்போய், கையுறை போட்ட மாதிரி இருந்தன. கிளிப்பர் மெஷினின் அதிர்வு என்று நினைத்திருந்தேன். காலையில் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினேன். துணிக்கடைக்காரன் ஓட்டையைச் சின்னதாக வைத்துவிட்டான் என்று அவனைத் திட்டினேன். இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை. கத்தியை எடுத்துக் கழுவி ரங்கசாமியிடம் கொடுத்தேன். மிச்ச முகத்தை அவன் வழித்தான். நாச்சிமுத்து தங்கமான மனிதர். போகும்போது மெதுவாகச் சொன்னார்: "தறியில குறுக்க ஓடற நாடா எகிறி உழுகறதில்லீங்களா, அந்தாட்டந்தானுங்க. என்ன, நாடா தரையில உழுகும், இது என்ற மடியில உழுந்து போச்சுங்க."

உடுமலைக்காரரின் தாடி

எங்கள் கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஆஸ்பத்திரி. முதுகெலும்பு ஆபரேஷன் அங்கே அதிகம். ஆபரேஷன் நாள் காலையில் முடி எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். நர்ஸ் கொடுக்கிற சீட்டில் 'முன் கழுத்து' என்றோ 'பின் கழுத்து' என்றோ இருக்கும். முன் என்றால் தாடியை எடுக்க வேண்டும். பின் என்றால் பிடரியிலிருந்து காது மட்டம் வரை எடுக்க வேண்டும். இதற்குக் கிளிப்பர்தான், கத்தி கிடையாது. அதனால் கத்தி விழுந்த பிறகும் அந்த வேலைக்கு நானே போய்வந்தேன். முன்பெல்லாம் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவேன். இப்போது ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன், டம்ளரை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று.

உடுமலைப்பேட்டை தேங்காய் வியாபாரி ஒருவருக்குச் சீட்டில் 'முன் கழுத்து'. தாடையில் கிளிப்பரை வைத்ததும் அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "நோவு பின்னால. நீ முன்னால எடுக்கறயே!" என்றார். நான் நர்ஸைப் பார்த்தேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு முன்பக்கமாகப் போவார்கள், கைக்குப் போகிற நரம்பை அழுத்துகிற தேய்ந்த ஜவ்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டு வைத்துத் தகடு போட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். வியாபாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: "காலையில இருந்து ஒரு வாய் காப்பியக்கூட அந்த வழியில உட மாட்டீங்கறீங்க, டாக்டர மட்டும் உடுவீங்களாக்கு?"

டீச்சரின் கொண்டை

பெண்களுக்கு நர்ஸ்களே முடி எடுத்துவிடுவார்கள். அன்று அவர்களுடைய கிளிப்பர் பழுது. என்னை வரச் சொன்னார்கள். எனக்குப் பொதுவாகவே பெண்களோடு பேச வராது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். "வாங்க அண்ணா, நான்தான் லில்லி டீச்சர், கடிக்க மாட்டேன்" என்று ஒரு அம்மாள் கூப்பிட்டார். ஓய்வு பெற்றவர், தலைமாட்டில் ஜெபமாலை. மகள் அவர் கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுப் பிடித்துக்கொண்டார். சீட்டில் 'பின் கழுத்து'. மேலே இருக்கிற முடி இறங்கி மறைக்கிற மாதிரி அளவு பார்த்துக் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்தேன்.

எடுக்கும்போது டீச்சர் தானாகவே பேசினார். முதலில் சாக்பீஸ் கையில் நிற்கவில்லையாம். அப்புறம் ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரவில்லையாம். நடந்தால் தரை மெத்தை மாதிரி இருந்ததாம். மூன்று வருஷமாக, வயசானதால் என்றே நினைத்திருக்கிறார். கிளிப்பரை நிறுத்திவிட்டேன். நோயாளியிடம் நான் கேள்வி கேட்டதே கிடையாது. அன்று கேட்டேன், "ரொம்ப வலிச்சுதுங்களா?" என்று. டீச்சர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "வலியே இல்லீங்க அண்ணா. வலிச்சிருந்தா எப்பவோ வந்திருப்பனே."

சொடக்கு

எங்கள் பக்கத்தில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று திருப்பிச் சொடக்கு எடுப்பது வழக்கம். ஆஸ்பத்திரியில் எச்சரித்த பிறகு நான் நிறுத்திவிட்டேன். வாடிக்கைக்காரர்கள் விடுவதில்லை. "சொடக்கு எடுக்காம உட்டா பாதி வழியில பஸ்ஸ உட்டு எறக்கி உட்டாப்ல இருக்குதுங்க" என்று கண்டக்டர் இன்றைக்கும் சொல்கிறார்.

ஊருக்கெல்லாம் எடுக்க மாட்டேன் என்றவன், எனக்கு எடுக்கச் சொன்னேன். டீச்சர் பேசியதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சட்டைப் பைக்குள் கையை விட்டு விரலை மடக்குவேன், நீட்டுவேன். கடை விடுமுறையான செவ்வாய்க்கிழமை ரங்கசாமியைக் கூப்பிட்டு, "எங்கியோ புடிச்சிருக்குது, ஒரு சொடக்கு எடுத்து உட்ரா" என்று உட்கார்ந்தேன். அவன் திருப்பக்கூட இல்லை. தாடையை மார்புப் பக்கம் கொஞ்சம் அமுக்கினான். பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால் பெருவிரல் வரைக்கும் கரண்ட் அடித்தது. கத்திவிட்டேன். தயவுசெய்து நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். ரங்கசாமி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். "மாமா, நான் ஒண்ணுமே பண்லீங்க மாமா, அக்கா கேட்டா நீங்களே சொல்லிப் போடுங்க!"

சட்டையைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள்

மறுநாள் அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போனேன். டாக்டர் அம்மாவுக்கு என்னைக் கிளிப்பரோடு பார்த்துத்தான் பழக்கம். "யாருக்கு இன்னைக்கு?" என்றார். எனக்குத்தான் என்றேன். வேகமாக விரலை மடக்கி நீட்டச் சொன்னார். கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னார். டீச்சர் சொன்ன மெத்தை என் காலுக்கும் லேசாகத் தட்டுப்பட்டது. சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு மறுபடி போடச் சொன்னார். கழற்றிவிட்டேன். போட வரவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி சரோஜா உதவிக்குக் கையை நீட்ட, டாக்டர் தடுத்தார். சரோஜா அதுவரை என்னைத் துணிக்கடைக்காரனைத் திட்டுகிறவனாகத்தான் பார்த்திருந்தாள். அன்றுதான் என் விரல்களைப் பார்த்தாள்.

ஸ்கேனில் மூன்று இடங்களில் தண்டுவடம் நெருக்கப்பட்டிருந்தது. எனக்குத் தெரிந்ததை எல்லாம் கேட்டேன். உடுமலைக்காரர் மாதிரி முன்னால் செய்யலாமா? ஒன்றிரண்டு இடம் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பாராம். சேர்த்து வைக்காமல், அசைகிற மாதிரிச் செயற்கை ஜவ்வு வைக்கிறார்களாமே? அது மூட்டுகள் தேயாதவர்களுக்காம். எனக்கு எல்லாமே தேய்ந்திருக்கிறது. கழுத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு இருந்துவிட்டால்? கை போய்க்கொண்டே இருக்கும், அடுத்தது கால். எனக்குப் பின்பக்கம் வழியாகத்தான். எலும்பு வளையத்தை ஒரு பக்கம் வெட்டி, கதவு மாதிரித் திறந்து, தண்டுவடத்துக்கு இடம் செய்து கொடுப்பார்கள். கடைசியாக, மறுபடி சவரக் கத்தி பிடிக்க முடியுமா என்றேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இருக்கறது போகாம பாத்துக்கறதுக்குத்தாங்க ஆபரேஷன். போனதுல எவ்வளவு திரும்பி வரும்னு இப்பவே சொன்னேன்னா அது பொய்யாப் போயிருங்க."

பெஞ்சில் நடந்த விசாரணை

செய்தி பெஞ்சுக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. சத்தியமங்கலத்தில் ஒரு எண்ணெய் இருக்கிறது என்றார் ஒருவர். தலையணையை மாற்றினால் போதும் என்றார் இன்னொருவர். அவர் சித்தப்பாவுக்கு அப்படித்தான் சரியாயிற்றாம்; சித்தப்பாவுக்கு என்ன நோய் என்று கேட்டால் அது தெரியவில்லை. எனக்குள் ஒவ்வொரு வார்த்தையும் குடைந்தது. காலையில் செய்துகொள்ளலாம் என்று இருப்பேன், மதியம் வேண்டாம் என்று இருப்பேன். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டு, பீர்க்கங்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

கண்டக்டர் குரலைத் தாழ்த்தி, "கழுத்துல கத்தி வெச்சா அப்பறம் படுத்த படுக்கைதானுங்க, நாஞ் சொல்லிப்போட்டேன்" என்றார். ரங்கசாமி அவருக்குப் போர்த்திய துணியை ஒரு உதறு உதறினான். "ஏனுங்ணா, முப்பத்தெட்டு வருசமா எங்க மாமா உங்க கழுத்துலதானுங்க கத்தி வெச்சுட்டு இருந்தாரு. நீங்க எந்திரிச்சு நடந்து ஊட்டுக்குப் போகலீங்களா?"

கஸ்டமர்

ரங்கசாமி அப்படிக் கேட்ட அன்று சாயங்காலமே போய் நாள் குறித்துவிட்டு வந்தேன். ஆபரேஷன் நாள் காலையில் எனக்கு முடி எடுக்க அவனே வந்தான். சீட்டை வாங்கி நானே படித்தேன்: 'பின் கழுத்து'. எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கிறேன்; அவர்கள் ஏன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அன்றுதான் புரிந்தது. கிளிப்பர் ஓசை மண்டைக்குள் கேட்டது. இடது காதுக்குப் பின்னால் அரை விரல் அளவு விட்டுவிட்டாய் என்று சொன்னேன். கோடு நேராக வரட்டும் என்று சொன்னேன். பிளேடைத் துடைத்தாயா என்று கேட்டேன். சரோஜா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

முடித்ததும் அவன் வழக்கப்படி பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினான். எதிரே கண்ணாடி இல்லை, என்ன தெரியும்? செல்போனில் படம் எடுத்துக் கொடுத்தான். என் பிடரியை நான் முதல்முறை பார்த்தேன். எல்லோருடைய பிடரி மாதிரியும்தான் இருந்தது. கோடு நேராகத்தான் இருந்தது. இருந்தாலும் வலது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறதே என்றேன். அவன் கிளிப்பரைப் பையில் வைத்து மூடினான். "மாமா, இன்னைக்கு நீங்க கஸ்டமருங்க. கஸ்டமரு எந்திரிச்சு வந்துதான் குத்தஞ் சொல்லோணும்."

முதல் நாற்காலி

எழுந்து வந்தேன். பல வாரம் கழுத்தில் பட்டை, பிடரியும் தோளும் இறுகிக் கிடந்தன, ரப்பர் பந்தைப் பிசைகிற பயிற்சி. இப்போது தரை தரையாகவே இருக்கிறது. கழுத்து முன்பு திரும்பிய அளவு திரும்பாது; யாராவது கூப்பிட்டால் ஆளோடு சேர்ந்து திரும்புகிறேன். குனியக் கூடாது என்பதற்காக நாற்காலியை உயர்த்தி வைத்துக்கொள்கிறேன். கத்தரி வந்தது. கிளிப்பர் வந்தது. கத்தியை மட்டும் தொடவில்லை. யார் கழுத்தில் வைத்துப் பார்ப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை, பூட்டிய கடைக்குள் ரங்கசாமி தானே நுரையைப் போட்டுக்கொண்டு முதல் நாற்காலியில் ஏறிச் சாய்ந்தான். வேண்டாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். அவன் கன்னத்தில் ஆரம்பித்தேன். மெதுவாகத்தான் போனது. காதுக்குக் கீழே வந்தபோது, அன்று விழுந்த அதே இடத்தில், நிறுத்தி விரல்களைப் பார்த்தேன். கத்தி அங்கேயே இருந்தது. முழு முகமும் முடிந்தபோது துண்டில் நுரை மட்டும்தான், சிவப்பு இல்லை. அவன் தாடையைத் தடவிப் பார்த்து, கண்ணாடியில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துச் சொன்னான்: "வலது பக்கம் சித்தெ ஏறியிருக்குதுங்களே மாமா."

இப்போது ஆறு பொத்தான் சட்டையில் ஐந்தை நானே போட்டுக்கொள்கிறேன்; முப்பத்தெட்டு வருஷம் ஊரார் கழுத்தில் நான் கத்தி வைத்ததற்கு என் கழுத்தில் ஒரே ஒரு தடவை வைத்தார்கள், கணக்குப் பார்த்தால் மிச்சம் கழுத்துப் பொத்தான் ஒன்று.