கொள்ளுத் தாத்தாவின் பெஞ்சு

இது நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்து அந்த பெஞ்சைப் பார்க்கலாம். உட்கார மட்டும் விடமாட்டேன்.

என் கொள்ளுத் தாத்தா வைத்தியர். காலரா திருச்சியை வாரிக்கொண்டு போன காலத்தில், ஊரே ஓட, இவர் மட்டும் இங்கேயே இருந்து உப்புக் கஞ்சி புகட்டிப் பலரைப் பிழைக்க வைத்தார். அவர் உட்கார்ந்து வைத்தியம் பார்த்த தேக்கு பெஞ்சு, பாகப்பிரிவினையில் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்கு வந்தது மருந்து உரல். அதில் என் வீட்டுக்காரி பூண்டு நசுக்குகிறாள்.

பெரியப்பா மகன் ரெங்கராஜ் இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். ஆனாலும் யார் வந்தாலும் ஓடிவந்து பெஞ்சைக் காட்டுவான். "தாத்தா எங்களோடதாங்க இருக்காரு" என்பான். எனக்கு வயிறு எரியும். மாத்திரைக்கு அடங்காத எரிச்சல்.

போன ஆவணியில் அவன் குடும்பம் முசிறிக்கு ஒரு காதுகுத்துக்குப் போனது. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்தான்.

"பெஞ்சுல உக்காராதடா."

"உன் பெஞ்சு யாருக்கு வேணும்?"

நல்ல மத்தியானம். நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். செடி எங்கே ஓடிவிடப் போகிறது?

கரண்ட் இல்லை. ஜன்னலும் மூடித்தான் இருந்தது. ஆனால் சுவரில் காலண்டர் படபடத்தது... எங்கிருந்தோ ஓம வாசனை.

டொக்... டொக்...

மரச் செருப்பு. கொல்லையில். பிறகு கூடத்தில்.

என் எதிரில் நின்றது.

யாரும் இல்லை...

வலது மணிக்கட்டில் மூன்று விரல்கள். ஐஸ்.

நாடி பார்த்தன.

பிறகு என் உள்ளங்கையை மெல்ல விரித்து வைத்தன.

டொக்... டொக்... போய்விட்டது.

பயந்தேன். அதைவிடச் சந்தோஷப்பட்டேன். தாத்தா வந்தது என்னிடம்!

ரெங்கராஜ் திரும்பியதும் வாசலிலேயே வைத்துச் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"இத்தனை வருஷமா தொடைக்கிறவன் நானு. உன் கையையா புடிச்சாரு?"

"ஆளைப் பாத்துத்தான்டா புடிப்பாரு."

மறுநாள் முழுக்க அவன் கையை நீட்டியபடி பெஞ்சிலேயே கிடந்தானாம். சாயங்காலம் போன் வந்தது.

"டேய், வந்துட்டாரு! அஞ்சு விரலையும் மடக்கி, கையை என் நெஞ்சு மேலயே எடுத்து வெச்சாருடா! உனக்கு அப்படிச் செஞ்சாரா?"

செய்யவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் முதல் வேலையாக பஸ் ஏறி, பொன்மலையில் இருக்கும் மாரியாயி அத்தையிடம் போனேன். தாத்தா கதையெல்லாம் அறிந்தவள். எது உசத்தி, விரித்ததா மடக்கியதா என்று கேட்டேன்.

அத்தை வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள்.

"அவரு உக்காந்த பெஞ்சுன்னு எவன்டா சொன்னது? அவரு நின்னுக்கிட்டேதான் பாப்பாரு. அது காலரா கண்டவங்களைக் கெடத்துற பெஞ்சு. கூட்டத்துல பேச ஏது நேரம்? கையை விரிச்சு வெச்சா, கஞ்சி ஊத்துங்கன்னு அர்த்தம்."

"மடக்கி நெஞ்சுல வெச்சா?"

"ஊத்த வேணாம்னு அர்த்தம்."

என் போன் அடித்தது. ரெங்கராஜ் மனைவி பானுமதி. அழுகை மட்டும்தான் கேட்டது.

மாரடைப்பு என்றார்கள். காரியம் முடிந்ததும் பானுமதி, "இத நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்று பெஞ்சைத் தள்ளிவிட்டாள்.

இப்போது என் கூடத்தில் கிடக்கிறது. நான் பக்கத்தில் போவதில்லை. சில மத்தியானங்களில் ஓம வாசனை வரும்...

டொக்... டொக்...

அதன் பின்னாலேயே ஒரு ரப்பர் செருப்பு. இடது காலை இழுத்து இழுத்து.

சரக்... சரக்...

அங்கேயும் தாத்தா அவனோடுதான்.