சிவப்பு நட்சத்திரத்துக்குக் கிழக்கே

2007 ஆவணியில், புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாவும் நானும் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தோம். விமானங்களுக்குப் பயந்து பொழுதுபட்டதும் எல்லோரும் விளக்குகளை மறைத்துவிடுவார்கள். அதனால் வானம் துல்லியமாகத் தெரியும். உயர்தரம் படித்த அண்ணாவின் புத்தகத்தில் விருச்சிகத்தின் படம் இருந்தது. அதில் சிவப்பு நட்சத்திரத்துக்கு மேலே ஒன்றுமில்லை. வானத்தில் அதே இடத்தில் பெரிய வெள்ளை ஒளி. ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது இப்படித்தான் புதிதாகப் பிறந்ததுபோலத் தெரியும் என்றான் அண்ணா.

நான் வகுப்பில் சொல்லப்போவதாகக் குதித்தேன்.

"பொறு. ஒராள் கண்டா அது வெறுங்கதை. வேற இடத்தில நிண்டு இன்னொராளும் காணவேணும். அது இடம் மாறாமல் நிக்கவும் வேணும்."

அந்தக் கிழமையே அவனை ஒட்டுசுட்டானுக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இயக்கத்தார் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் போருக்குக் கேட்டு வந்த காலம் அது. எங்கள் வீட்டில் அந்த வயதில் இருந்தவன் அவன் மட்டும்தான். எனக்குப் பத்து வயது. வேறு இடத்தில் நின்று நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

அம்மாவின் தம்பியான மாமா கிழமைக்கொரு தடவை சந்தைக்கு வருவார். அவர் படலையைத் திறக்குமுன்பே நான் கேட்டுவிடுவேன்.

"அப்பிடியே நிக்குதாம்" என்பார்.

அம்மாவும் வந்து நிற்பார். "அவன் பாத்தவனாமோ?"

"ஓம் அக்கா, ஒவ்வொரு நாளும் பாக்கிறானாம்."

என்னுடைய ஆராய்ச்சி அம்மாவையும் பிடித்துக்கொண்டதில் எனக்குப் பெருமை.

புரட்டாதியில் ஒரு மாலை, குசினி வாசலில் நின்று என் கவலையைச் சொன்னேன். "அம்மா, எனக்கு அது விலகின மாதிரிக் கிடக்கு. ஆனா அண்ணா அப்பிடியே நிக்குது எண்டுறான். என்ர கண்ணிலதான் பிழை போல."

அம்மா பிட்டுக்கு மாக் குழைத்த கையோடு எழுந்து வந்தார். அதுவரை விமானச் சத்தம் கேட்டால் மட்டுமே அவர் வானத்தைப் பார்த்தவர். "முந்தி எங்க நிண்டது? இப்ப எங்க நிக்குது?" என்று படத்தையும் வானத்தையும் மாறி மாறிக் காட்டச் சொன்னார். என் கண்ணில் பிழை இல்லை. குழைத்த மா அன்று அப்படியே கிடந்து காய்ந்தது.

அடுத்தமுறை மாமா சைக்கிளை விட்டு இறங்குமுன்பே அம்மா கேட்டார்: "தம்பி, நீ அவனைக் கடைசியாக் கண்டது எப்ப?"

மாமா ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காட்டோரம், வயல் குடில்ல விட்டிருக்கிறன் அக்கா. நான் போனா ஆக்கள் பின்னால வந்திடுவினம் எண்டு போறேல்லை. வயல்காரர் ஒராள் சோறு கொண்டுபோறார்."

"அந்தச் சோத்தை ஆர் தின்னுறதெண்டு உனக்குத் தெரியுமோ?"

அம்மா சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"நட்சத்திரம் எங்க நிக்குதெண்டு அவனிட்டயே கேட்டுக்கொண்டு வா. நீயா ஒண்டும் சொல்லாத."

அந்தக் கிழமை முழுவதும் படலை அசைந்தால்கூட அம்மா எழுந்து நின்றார். ஏழாம் நாள் மாமா வந்தார். மூச்சு வாங்கியபடி பாடம் ஒப்புவித்தார்.

"அது நட்சத்திரமே இல்லையாம் அக்கா. வியாழனாம். சிவப்புக்குக் கிழக்கால போயிட்டுதாம். கிரகங்கள் ஊர்ந்து திரியிறதால புத்தகப் படத்தில போடமாட்டினமாம். தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில வாயைப் பொத்திக்கொண்டு இருக்கட்டாம்."

"எந்தப் பக்கம் எண்டவன்?"

"கிழக்கால."

"இன்னொருக்காச் சொல்லு."

மாமா சொன்னார். அம்மா சிரிக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சூப்பர்நோவா போய்விட்டது. வகுப்பில் ஏற்கெனவே பாதிப் பேருக்குச் சொல்லியும்விட்டேன்.

போரினால் வெளியிலிருந்து சாமான் வரும் பாதை பூட்டியிருந்ததால் அப்போது சீனி கிடைப்பது அருமை. அலுமாரியில் ஒளித்து வைத்திருந்த போத்தலை அம்மா வெளியே எடுத்தார். மாமாவின் தேத்தண்ணிக்குள் இரண்டு கரண்டி போட்டார். என் கையை இழுத்து விரித்து உள்ளங்கை நிறையக் கொட்டினார். எங்கள் கண்டுபிடிப்பு பொய்த்துப்போன நாளில் எதற்காக இந்தச் சீனி என்று விளங்காமல், அழுதபடியே நக்கித் தின்றேன்.